ஏச்சு கேட்கப் பழக்கியவள்

என் அண்ணி ஜெயிக்க வைத்த பெண்கள் நிறையப் பேர். கவுன்சிலர் ஆனவர்கள் உண்டு, நகராட்சித் தலைவி ஆனவர்கள் உண்டு, ஒருத்தி சட்டசபை வரைக்கும் போய்விட்டாள். இன்றைக்கும் அண்ணியைத் தெருவில் பார்த்துவிட்டால் அவர்கள் காரை நிறுத்தி இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. அவள் அண்ணியின் கூடப்பிறந்த தங்கை. அவளைத் தூக்கி வளர்த்தவள் அண்ணி, ஜெயிக்க வைத்தவளும் அண்ணி, அந்த ஒரே தேர்தலில் அவளைப் பறிகொடுத்தவளும் அண்ணிதான். ஊரில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். பதவி வந்ததும் சின்னவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்கிறார்கள் சிலர். அண்ணி ஏதோ பங்கு கேட்டிருப்பாள் என்கிறார்கள் இன்னும் சிலர். இரண்டையும் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது நடந்த அறையில் நானும் இருந்தேன். நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வேலை தேடி வெளியூர் போனார், போனவர் போனவர்தான். நான் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாழாவெட்டியாக வந்து நிற்கிற நாத்தனாரை எந்த அண்ணி வா வா என்பாள்? அழுது தீர்க்கலாம் என்று ஒரு மூட்டைக் கண்ணீரோடு வந்திருந்தேன். இவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மெஷினை ஜன்னல் பக்கமா போடு, வெளிச்சம் வரும்" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. அதற்காகவே அவள் கால் தூசிக்கு நான் சமம் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்தது, அது வேறு.

அண்ணனுக்கு பேட்டரிக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, கடைக்கு மேலே ஒற்றை அறை. அண்ணன் பேட்டரி தூக்குவார், அண்ணி பில் போடுவாள். ஒரு தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் வந்து, வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேச ஆள் வேண்டும் என்றார்கள். ஆண்கள் போனால் யாரும் கதவையே திறப்பதில்லையாம். அண்ணி போனாள். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டில் மருமகள் மாமியார் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு பூத்துக்குள் போய் ஓட்டை மாற்றிக் குத்துவாள் என்று எல்லாவற்றையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். அதைச் சொல்ல வாயெடுத்தால் கட்சி ஆபீஸில், "நீங்க டீ குடிங்கம்மா" என்றார்கள். அவள் எச்சரித்த தெருக்களிலேயே மண்ணைக் கவ்விய பிறகுதான் டீயைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் பெண் வேட்பாளர் என்றால் போஸ்டரில் அவள் படம் தபால்தலை அளவில் இருக்கும், புருஷன் படம் கதவு அளவில் இருக்கும். அண்ணி முதலில் கை வைத்தது அங்கேதான். "நிக்கிறது யாரு? அவங்க படம்தான் வரணும். அவருக்குப் படம் பாக்கணும்னா வீட்ல கண்ணாடி இருக்கு" என்றாள். புருஷன்மார்களுக்குத் தனியாக ஒரு பாடம் நடத்துவாள். மேடை ஏறக்கூடாது, பின்னால் நின்று காதில் ஓதக்கூடாது, பெண்டாட்டியைக் கேட்ட கேள்விக்கு முந்திரிக்கொட்டையாய்ப் பதில் சொல்லக்கூடாது. அப்படியும் வாயை மூட முடியாத ஒரு ஆளை ஒரு தேர்தல் முழுக்க எதையாவது வாங்கி வரச் சொல்லியே அலையவிட்டாள். அந்த மனுஷன், தான்தான் பிரச்சாரத்தையே தோளில் சுமந்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மேடை மைக்கை எப்போதும் ஆண்கள் உயரத்துக்கு வைத்திருப்பார்கள். பெண்கள் போய் நின்றால் கழுத்தை நீட்டிக்கொண்டு, எட்டிப் பார்க்கிற கோழி மாதிரி பேச வேண்டியிருக்கும். யாருக்கும் அது கண்ணில் படாது. அண்ணி மட்டும் முன்கூட்டியே போய், மைக்செட்காரனோடு மல்லுக்கட்டி, அதை இறக்கி வைத்துவிட்டு வருவாள். வேட்பாளர் புதுச் செருப்புப் போட்டு வந்தால், தெருத்தெருவாக நடக்கும்போது கடிக்கும் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் போய் நிற்கச் சொல்வாள். ஆஸ்பத்திரி வரிசையில் உட்காரச் சொல்வாள். "பேசாதீங்க. அவங்க பேசட்டும். நீங்க ம் போடுங்க" என்பாள்.

இதெல்லாம் செய்தும் அவள் முதன்முதலில் தூக்கிச் சுமந்த பெண் தோற்றுப்போனாள். மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், புருஷனை விட்டுப் பிரிந்து வந்தவள், கெட்டிக்காரி. நிறைந்த கூட்டத்தில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் எவனோ ஒருவன், "கட்டினவனையே வச்சுக் காப்பாத்தத் தெரியல, ஊரைக் காப்பாத்தப் போறியாம்மா?" என்று கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அதோடு அந்தத் தேர்தல் முடிந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணி சாப்பிடவில்லை. "அவன் என்ன புதுசா கேட்டுட்டான்? அவ சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள தினமும் கேக்குறதைத்தான் தெருவுல கேட்டான். முதல்லயே நான் கேட்டிருந்தா அவ அங்க அழுதிருக்க மாட்டா" என்றாள்.

அப்படித்தான் மாடி அறை ஆரம்பித்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கிறீச்சிடும் ஃபேன், ஒரு குடம் தண்ணீர். கீழேயிருந்து பேட்டரி ஆசிட் வாடை வந்துகொண்டே இருக்கும், அதனால் யார் கண் கலங்கினாலும் ஆசிட் மேல் பழியைப் போட்டுவிடலாம். வேட்பாளரை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பாள். எதிரில் தான் உட்காருவாள். பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசுமோ அத்தனையையும் அவள் முகத்துக்கு நேராகப் பேசுவாள். நடத்தை, நிறம், பிள்ளையில்லாதது, பிள்ளை படிக்காதது, படுத்த படுக்கையான மாமனாரை விட்டுவிட்டு மேடை ஏறுவது, எதுவும் பாக்கி இருக்காது. வெறும் பேச்சு இல்லை. அண்ணிக்கு எந்தக் குரலும் வரும். குடிகாரன் மாதிரி, பல் போன கிழவி மாதிரி, மூக்கால் பேசுகிற வக்கீல் மாதிரி அப்படியே உரித்து வைப்பாள். பதில் சொல்லத் திணறினால் அதையே திரும்பச் சொல்வாள், மறுபடியும் சொல்வாள். அந்தப் பெண் அழுவாள், திட்டுவாள், எழுந்து போவாள், திரும்பி வருவாள். ஒரு கட்டத்தில் சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டால் பாஸ்.

அந்த அறையில் கூட்டம் நான்தான். மூலையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அண்ணி ஏசி முடித்ததும் நான் நூறு பேர் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். எனக்கு நன்றாகவே வரும் அது. பெண்கள் அந்த அறைக்கு 'மாமியார் வீடு' என்று பேர் வைத்துவிட்டார்கள். "இன்னைக்கு மாமியார் வீட்டுக்குப் போகணும்" என்று ஒருத்தி பஸ்ஸில் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் இருந்தவர் அவளை ஜெயிலுக்குப் போகிறவள் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தாராம்.

வெளியாட்கள் அண்ணியைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். பயிற்சி முடிந்ததும் அவள் அந்தப் பெண்களை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தலையைத் தடவிவிடுவாள், "நான் சொன்னது எதுவும் நான் இல்ல, புரியுதா? அது அவனுங்க" என்பாள். அவர்களும் புரிந்துகொண்டார்கள். வருஷக்கணக்கில் இப்படித்தான் போயிற்று. தோல்வியும் உண்டு, ஆனால் மேடையில் அழுதவள் என்று அதன் பிறகு ஒருத்தியும் கிடையாது.

இப்போது சின்னவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அண்ணிக்குப் பத்து வயது இருக்கும்போது பிறந்தவள் அவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அண்ணிதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கல்யாணம் பேசும்போதே, "தங்கச்சியும் என்கூட வருவா, சரின்னா மேல பேசலாம்" என்று அண்ணனிடம் சொன்னவள். எங்கள் வீட்டிலிருந்துதான் சின்னவள் நர்ஸ் படிப்பு முடித்தாள். லாரி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளிக் குடிபோனாள். ஆனாலும் டியூட்டி முடிந்தால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, பசிக்குது" என்பாள். என்னைத் 'தையலக்கா' என்று கூப்பிடுவாள். அக்காவும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசினால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். வாய் ஓயாமல் பேசும். பேட்டரிக் கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் எல்லாம், "உங்க வண்டிக்கு என்ன உடம்பு?" என்று கேட்கும்.

ஊரில் காய்ச்சல் பரவிய ஒரு மழைக்காலத்தில் குட்டிக்கும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வார்டு நிரம்பி வழிந்தது, பாதி நர்ஸுகளும் படுத்துவிட்டார்கள். சாதாரணக் காய்ச்சல்தான் என்று நினைத்து சின்னவள் மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனாள். மத்தியானம் குழந்தையை அதே ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டிருந்தது. குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் அங்கே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே குட்டி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சின்னவள் ஒரு வருஷம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் வந்து, சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, வர்ற நகராட்சித் தேர்தல்ல நான் நிக்கிறேன்."

"எதுக்குடி?"

"நம்ம ஊர் ஆஸ்பத்திரியில குழந்தைங்களுக்குன்னு ஒரு வார்டு வேணும். மனு குடுத்துக் குடுத்து அலுத்துப் போச்சு. நானே போய் உக்காந்தாத்தான் நடக்கும்."

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு மாடிக்கு வா" என்றாள்.

சின்னவள் மாதிரி ஒரு வேட்பாளரை நாங்கள் பார்த்ததில்லை. அண்ணி குடிகாரன் குரலில், "ஏம்மா நர்சம்மா, ஊசி போடத் தெரிஞ்சா போதுமா, ஊரை ஆளத் தெரியுமா?" என்றால், "ரெண்டுக்கும் கை நடுங்கக் கூடாது. உங்களுக்கு இப்பவே நடுங்குது, முதல்ல அதைக் கவனிங்க" என்பாள். "கண்டவன் அழுக்கைத் தொடச்ச கைதானே?" என்றால், "ஆமா, உங்கப்பாவையும் இந்தக் கையாலதான் தொடச்சேன். நல்லா இருக்காரா?" என்பாள். நான் கூட்டமாகச் சிரிக்க வேண்டியதை மறந்து நிஜமாகவே சிரித்துவிடுவேன். எந்த ஏச்சும் அவளைத் தொடவில்லை. "ஆஸ்பத்திரியில இதைவிட ஜோரா கேட்டிருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஜாலியாக இறங்கிப் போவாள்.

எனக்கு இது சந்தோஷம். அண்ணிக்கோ கவலை. "எதுவும் வலிக்காத மாதிரி இருக்கிறவதான் ஒருநாள் பொலபொலன்னு உதிர்ந்துடுவா" என்றாள். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வார்டு ஆயா ஒரு சேதி கொண்டுவந்தாள். எதிர்க்கட்சி ஆட்கள் இரண்டு பேர் அங்கே வந்து, குட்டி செத்த அன்றைக்கு யார் டியூட்டி, குழந்தையை யாரிடம் விட்டிருந்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம்.

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. "பிள்ளை விஷயத்தை எடுப்பானுங்கன்னு தெரியும்" என்றாள்.

"அண்ணி, அது வேணாம். அது நம்ம வீட்டு விஷயம். அதை மாடிக்குக் கொண்டு போகாதீங்க" என்றேன்.

"தெருவுல நிக்கிறவனுக்கு வீட்டு விஷயம்தான் ருசி. அவன் சொல்லி அவ அங்க உடைஞ்சு போறதுக்கு, நான் சொல்லி அவ இங்க அழுதுடட்டும். நான் பக்கத்துல இருக்கேன்ல?"

இதில் அவளுக்கு ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். இந்த உலகத்தில் அவள் யாரையாவது அடி விழாமல் காப்பாற்ற நினைத்தாள் என்றால் அது சின்னவளைத்தான்.

மறுநாள் சாயங்காலம் சின்னவள் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்தாள்; மனு போடும்போதுதான் வேலையை விடுவதாக இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, "ம், ஆரம்பி மாமியாரே" என்றாள். அண்ணி வழக்கமான இரண்டு மூன்று ஏச்சை வீசினாள். சின்னவள் ஊதித் தள்ளினாள். அப்புறம் அண்ணி கொஞ்சம் முன்னால் குனிந்து, கூட்டத்தில் நின்று நக்கல் பண்ணுகிறவன் குரலில், "பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போனவ, ஊர்ப் பிள்ளைங்களைப் பாக்க வந்துட்டா" என்றாள். சின்னவள் முகம் மாறியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "அன்னைக்கு வார்டுல இருந்தது ஊர்ப் பிள்ளைங்கதான்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன அந்த அறையில் அண்ணி எதையும் பாதியில் விட்டதில்லை.

குரலை மாற்றிக்கொண்டாள். ஆண் ஒருவன் சின்னக் குழந்தை மாதிரி நடித்துக் காட்டினால் எப்படி இழுத்து இழுத்துப் பேசுவானோ அப்படி, மழலையாக, யூனிஃபார்ம் நுனியைப் பிடித்து இழுப்பது மாதிரி கையையும் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னைக்கு மட்டும் போகாதம்மா..."

நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டேன். அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஆனாலும் கேட்டதுமே அது யார் சொன்னது என்று தெரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு எங்கே வரும்? சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். அண்ணி திரும்பச் சொன்னாள். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிகிறது, குரலில் மட்டும் நக்கல் பிசகவில்லை. "போகாதம்மா... போகாதம்மா..." என்று மறுபடியும் சொன்னாள். எனக்கு எழுந்துபோய் அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

சின்னவள் அழவில்லை. எழுந்து குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். யூனிஃபார்மை நீவிவிட்டுக்கொண்டாள்.

"போதும்க்கா. பழகிடுச்சு" என்றாள்.

படியிறங்கிப் போனாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.

அவள் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?" என்றேன்.

"அவதான் சொன்னா. குட்டி இறந்துபோன அந்த வாரத்துல, என் மடியில படுத்துக்கிட்டு. வேற யார்கிட்டயும் சொல்லல, அவ புருஷன்கிட்டகூட."

"அப்போ அவனுங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். இத்தனை வருஷமாக எதிரி என்ன நினைப்பான், எதிரி என்ன பேசுவான் என்று எதிரியின் மண்டைக்குள்ளேயே குடியிருந்து பழகியவள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் படுத்து அழுத பிள்ளை சொன்னதை எடுத்து, கூட்டத்தில் நிற்கும் ஒரு பொறுக்கியின் வாயில் தானே வைத்துவிட்டாள். வேறு எந்த அக்காவும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து அண்ணன் கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அவள் காதில் விழவில்லை.

பிரச்சாரம் என்னவோ நிற்கவில்லை. சின்னவள் தெருத்தெருவாகப் போனாள், அண்ணி முன்னால் போய் மைக்கை இறக்கி வைத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். "மூணு மணிக்கு எங்க?" "ஸ்கூல் வாசல்." "சரி." அவ்வளவுதான் பேச்சு. அண்ணி இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "தேர்தல் முடியட்டும்க்கா" என்று சின்னவள் நகர்ந்துவிட்டாள்.

கடைசி நாள் எதிர்க்கட்சிக் கூட்டம் கடைவீதி முக்கில் நடந்தது. வேவு பார்க்க நான்தான் போயிருந்தேன். அவர்கள் பேச்சாளன் ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொந்தக் குழந்தைக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும்..." என்று ஆரம்பித்தான். அந்தக் கட்சி வேட்பாளர் ஒரு மரக்கடை முதலாளி, பெரிய யோக்கியர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். அவர் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"அதெல்லாம் பேசாதேன்னு சொன்னேன்ல? அந்தம்மா பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. அதைச் சொல்லித்தான் எனக்கு ஓட்டு வேணும்னா அந்த ஓட்டே வேணாம். ரோட்டைப் பத்திப் பேசு" என்றார்.

ஓடி வந்து அண்ணியிடம் சொன்னேன். நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன், முட்டாள் நான். அண்ணி பூட்டியிருந்த ஒரு கடையின் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவனே சொல்லாததை நான் சொல்லிட்டேன்டி" என்றாள்.

சின்னவள் ஜெயித்தாள், சும்மா இல்லை, வெளுத்துக்கட்டினாள். கூட்டம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. எனக்கு, வார்டு ஆயாவுக்கு, வண்டி ஓட்டியவருக்கு என்று எல்லோருக்கும் மைக்கில் நன்றி சொன்னாள். அக்கா என்ற வார்த்தை வரவில்லை. அண்ணி கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சின்னவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தலைக்கு மேல் வேலை, அதனால்தான் என்று அண்ணன் சமாதானம் சொல்லிப் பார்த்தார். எத்தனை நாளைக்கு அதையே சொல்ல முடியும்?

அடுத்த தேர்தலுக்கு ஒரு ரொட்டிக்கடைக்காரப் பெண் வந்தாள். அண்ணி அவளை எதிரில் உட்கார வைத்து வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. "நீங்க நல்லா பேசுறீங்கம்மா, உங்களுக்கு இதெல்லாம் வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்தாள். இப்போது அங்கே பழைய பேட்டரிகள் கிடக்கின்றன. கட்சிக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள், காரில் வந்து இறங்குகிற பழைய வேட்பாளர்களும் வந்து கெஞ்சினார்கள். "தலைவலி" என்று சொல்லி உள்ளே போய்விடுவாள்.

சின்னவள் சொன்னபடியே குழந்தைகள் வார்டைக் கொண்டுவந்தாள். திறப்புவிழாவுக்கு அண்ணி போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து, "வா, ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரெல்லாம் மஞ்சள் வண்ணம், சின்னச் சின்னக் கட்டில்கள். இருமலும் அழுகையுமாக இருந்தாலும் மனசுக்கு நிறைவாக இருந்தது. சின்னவள் அங்கேதான் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். இல்லை. வந்து வராந்தா பெஞ்சில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

"என்னை மன்னிச்சுடுடி" என்றாள் அண்ணி.

"உன்மேல கோபம் இல்லக்கா. கோபம்னா சண்டை போட்டுத் தீர்த்திருப்பேனே. நீ எனக்காகத்தான் செஞ்சே, அது எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன்டி வீட்டுக்கு வர மாட்டேங்குற? உன் தட்டு அப்படியே இருக்குடி."

சின்னவள் மெதுவாகச் சொன்னாள்.

"குட்டி கடைசியா எங்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான்க்கா. வலிக்கும்தான். ஆனா அவ குரல்ல கேக்கும். டியூட்டி முடிஞ்சு பஸ்ல வரும்போது யாருக்கும் தெரியாம கேட்டுக்கிட்டே வருவேன். அவ ஃபோட்டோகூட எனக்கு அவ்வளவு இல்லை, அந்தக் குரல்தான் அவ. அன்னைக்கு அப்புறம் அது வர்றதில்லக்கா. நினைச்சா நீ சொன்னது வருது. உன் குரல். எவ்வளவோ முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். நீ பேசப் பேச இன்னும் அழுத்தமா ஆகுது. இப்பவும்..."

அண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். தங்கையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், வாசலைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அதற்கப்புறம் சின்னவள் எப்போதாவது எனக்கு ஃபோன் பண்ணுவாள். "தையலக்கா, அக்கா எப்படி இருக்கா? மாத்திரை ஒழுங்கா போடுறாளா?" என்று கேட்பாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "நல்லா இருக்காங்க" என்பேன். அண்ணி பக்கத்திலேயே இருப்பாள். ஒரு தும்மல்கூட வெளியே வராதபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தை 'நல்லா இருக்கியா'ன்னு கேட்டா என்ன அண்ணி? எத்தனை நாளைக்கு இப்படி?" என்று சத்தம் போட்டேன்.

"என் குரல் அவ காதுல விழாம இருந்தா, பிள்ளையோட குரல் திரும்பி வந்தாலும் வரும்" என்றாள்.

இன்னும் வரவில்லை போலிருக்கிறது. வந்திருந்தால் சின்னவள் சொல்லியிருப்பாள்.